பழைய விலாசம்

1896-ஆம் வருஷத்தில் வீட்டை அடமானம் வைத்த ஒரு மனிதருக்குப் பின்கோடு எண் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் என் மனைவியின் பெரியப்பா.

பெரிய மாமா தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். மதுரைப் பக்கத்தில் அவர் போஸ்ட் மாஸ்டராக உட்காராத ஊர் குறைவு. ஓய்வு பெற்ற மறு வாரமே, "நம் குடும்பத்தின் பூர்வோத்தரத்தை எழுதி வைக்கப் போகிறேன்" என்று சொல்லி, கடைக்குப் போய் நீள நோட்டு இரண்டு வாங்கி வந்து விட்டார். ஒன்று கரட்டு நோட்டு. இன்னொன்று நல்ல நோட்டு. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், கலியாணம், காலமான தேதி என்று கட்டம் போட்டுக் கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்த பத்திரம், ஜாதகம், கலியாணப் பத்திரிகை, கருமாதிக் கடுதாசி எல்லாவற்றையும் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு.

"விலாசம் என்றால் இன்றைக்குத் தபால் போய்ச் சேர வேண்டும், மாப்பிள்ளை. செத்துப் போன ஜில்லாவையெல்லாம் எழுதி வைத்தால் எந்தத் தபால்காரனுக்குப் புரியும்?"

ஆகவே கரட்டு நோட்டில் இருந்ததை நல்ல நோட்டில் பெயர்த்து எழுதும்போது எல்லாவற்றையும் 'சரி' செய்தார். ராமநாதபுரம் ஜில்லா சில இடத்தில் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று; சில இடத்தில் சிவகங்கை மாவட்டம் ஆயிற்று. சென்னை ராஜதானி என்று இருந்ததெல்லாம் தமிழ்நாடு ஆயிற்று. போதாததற்கு ஒவ்வோர் ஊருக்கும் பின்கோடு வேறு. பின்கோடு நம் தேசத்தில் வந்தது 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. அதற்கு 76 வருஷம் முன்பு அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்த கொள்ளுத் தாத்தாவுக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் கிடைத்தது.

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

மாமாவின் தாயார், வீட்டில் எல்லோருக்கும் அப்பத்தா, அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. குலதெய்வம் எது, எங்கே இருக்கிறது என்று தெரிந்து, சாகும் முன்னே ஒரு தடவை பொங்கல் வைத்துவிட வேண்டும். கொள்ளுத் தாத்தா வீட்டை அடமானம் வைத்து விட்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரைக்கு வந்தவர். வந்த சில வருஷத்தில் கண்ணை மூடி விட்டார். சொந்த ஊரோடு இருந்த நூல் அத்தோடு அறுந்து போயிற்று. அப்பத்தாவுக்கு அவருடைய மாமியார் சொல்லி வைத்தது இரண்டே வார்த்தை: "ஊர் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் புதூர். கோயில் வாசலில் நின்றால் எதிரே மலை தெரியும்."

தமிழ்நாட்டில் புதூருக்கா பஞ்சம்? எந்தத் தாலுகாவை எடுத்தாலும் அதில் ஒரு புதூர் இருக்கும். ஆனால் பெட்டியில்தான் 1896-ஆம் வருஷத்துப் பத்திரம் இருந்ததே! அதில் தாலுகா, ஜில்லா எல்லாம் இருந்தது. நல்ல நோட்டில் மாமா அதை அழகாக எழுதியிருந்தார்: "புதூர் கிராமம், திருப்பத்தூர் தாலுகா, சிவகங்கை மாவட்டம், தமிழ்நாடு."

மதுரைக்காரர்களுக்குத் திருப்பத்தூர் என்றால் அந்தத் திருப்பத்தூர்தான். 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். காரைக்குடி போகிற வழி. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்தில். மலை என்றால் குன்றக்குடி மலை இருக்கவே இருக்கிறது. அப்படியும் திருப்தியில்லை என்றால் பிரான்மலை இருக்கிறது.

மூன்று மாசி மாதம், மூன்று சிவராத்திரி. மாமா வாடகைக் கார் வைத்துக் கொண்டு, அப்பத்தாவை முன் ஸீட்டில் உட்கார வைத்து, அந்தப் பக்கத்துப் புதூர்களை எல்லாம் சுற்றி வந்தார். ஒவ்வொரு கோயிலிலும் பூசாரி மரியாதையாகக் கேட்டார், யோசித்தார், தலையை ஆட்டினார். "அந்தப் பெயரில் இங்கே யாரும் போனதாகத் தெரியவில்லையே, அய்யா." நாலாவது மாசியில் அப்பத்தாவால் காரில் ஏற முடியவில்லை. 2019-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் அவர் காலமானார்.

அதே வருஷம் நவம்பர் 28-ந் தேதி வேலூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பத்தூர் என்று புது மாவட்டம் ஏற்பட்டது. பத்திரிகை வேலையில் இருப்பவனுக்குப் புது மாவட்டம் என்றால் பழைய சரித்திரத்தைப் புரட்டுகிற வேலை வந்து சேரும். நானும் புரட்டினேன். ஒரு வரியில் வந்ததும் நின்று விட்டேன். 1911-ஆம் வருஷம் வரைக்கும் அந்தத் திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்திருக்கிறது!

என்றோ ஒரு நாள் மாமா பேச்சோடு பேச்சாக, "பத்திரம் எழுதினவன் மண்டூகம், மாப்பிள்ளை. ஜில்லாவைக்கூடத் தப்பாக எழுதியிருக்கிறான்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. உடனே டெலிபோன் செய்தேன்.

"மாமா, அந்தப் பத்திரத்தில் ஜில்லா என்னவென்று இருந்தது?"

"ஞாபகம் இல்லையே, மாப்பிள்ளை. பத்திரத்தைத்தான் கறையான் தின்று விட்டதே."

"கரட்டு நோட்டு இருக்கிறதா?"

இருந்தது. தபால்காரர் கை எதையும் சுரண்டி அழிக்காது. விலாசதாரர் வேறு ஊருக்குப் போய் விட்டால், கடிதத்தின் மேல் இருக்கும் பழைய விலாசத்தை ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது விலாசத்தை எழுதி அனுப்புவார்கள் அல்லவா? மாமாவும் அந்தப் பழக்கத்திலேயே செய்திருந்தார். 'சேலம் ஜில்லா' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, அதற்கு மேலே 'சிவகங்கை மாவட்டம்' என்று எழுதியிருந்தார்.

மாமா செய்ததில் தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. அவர் நோட்டு எழுதிய காலத்தில் சேலம் மாவட்டத்தில் திருப்பத்தூர் என்று ஒரு தாலுகா கிடையாது. வேலூர் மாவட்டத்தில் ஒன்று இருந்தது. சிவகங்கையில் ஒன்று இருந்தது. பத்திரத்தில் எழுத்துப் பிழை என்று முடிவு கட்டினார். மதுரைக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கொண்டார். ஆனால் பத்திரம் எழுதிய குமாஸ்தா மண்டூகம் அல்ல. 1896-ல் எது உண்மையோ அதைத்தான் எழுதியிருந்தார்.

இந்த இரண்டு திருப்பத்தூர்களின் ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வடக்கே இருக்கும் திருப்பத்தூர் 1911 வரையில் சேலம் ஜில்லா. பிறகு வட ஆற்காடு ஜில்லா. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்ட பிறகு வேலூர் மாவட்டம். 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.

தெற்கே இருக்கும் திருப்பத்தூர் முதலில் மதுரை ஜில்லா. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டதும் அதில் சேர்ந்தது. 1985-ல் ராமநாதபுரம் மூன்றானபோது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997-லிருந்து சிவகங்கை மாவட்டம்.

இரண்டுக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். இரண்டு ஊரும் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. விலாசம் மட்டும் மாறிக் கொண்டே வந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டக் கூடியது ஒரே ஒரு சொல், 'சேலம்'. அந்தச் சொல்லைத்தான் மாமா அடித்து விட்டார்.

மாவட்டம் மட்டுமா மாறியது? 1896-ல் கொள்ளுத் தாத்தா இருந்தது சென்னை ராஜதானி. 1950-ல் அது சென்னை ராஜ்யம். 1969-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி முதல் தமிழ்நாடு. 1953-ல் ஆந்திரா பிரிந்து போயிற்று. 1956-ல் மலபார் கேரளத்துக்குப் போயிற்று. அதே 1956 நவம்பர் 1-ந் தேதிதான் கன்யாகுமரி நம்மோடு சேர்ந்தது. அதற்கு முந்திய காலத்து நாகர்கோவில் சர்க்கார் காகிதம் ஒன்றைத் தேடுகிறவர் சென்னையில் வந்து விசாரித்தால் ஏமாந்துதான் போவார். அன்றைக்கு நாகர்கோவில்காரர்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியவரையே எடுத்துக் கொள்ளலாம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தார். அப்போது திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டதும் அதற்குப் போயிற்று. 1953-ல் சித்தூரோடு ஆந்திராவுக்குப் போயிற்று. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திரும்பி வந்து செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. "அவர் பிறந்தது தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம்" என்று எழுதினால் இன்றைக்கு அங்கே போகிறவருக்கு வழி தெரியும். ஆனால் 1888-ஆம் வருஷத்துத் தஸ்தாவேஜு எதிலும் திருவள்ளூர் மாவட்டம் என்ற பெயர் அகப்படாது.

விஷயத்தின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. பழைய தஸ்தாவேஜுகளை யாரும் புதுப் பெயருக்கு மாற்றி அடுக்கி வைப்பதில்லை. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஜில்லாக் காகிதங்கள் அந்தந்தக் காலத்து ஜில்லாவின் பெயரிலேதான் இருக்கின்றன. அவை நமக்காகப் பெயர் மாற்றிக் கொள்ளா. நாம்தான் அவற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"அப்படியானால் வெள்ளைக்காரன் உளறி வைத்த பெயர்களை எல்லாம் நாம் கட்டிக் கொண்டு அழ வேண்டுமா? டின்னவெல்லி, டாஞ்சூர், டிரிச்சினாப்பொலி என்று எழுத வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். ரோஷம் நியாயமானதுதான். பேசும்போதும் கடிதம் போடும்போதும் திருநெல்வேலி என்றே சொல்லுவோம். ஆனால் தாத்தாவின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் டின்னவெல்லி என்று இருந்தால், குறிப்பில் அப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. பழைய ஆங்கிலப் புத்தகத்தின் அட்டவணையில் 'டி' என்ற எழுத்தில் ஒரே பெயர் எத்தனையோ தினுசாக ஒளிந்து கொண்டிருக்கும். அது தெரியாதவர் அட்டவணையை மூடி வைத்து விட்டு, "ஒன்றும் இல்லை" என்று எழுந்து போய் விடுவார். இன்றைக்கு இருக்கிற எழுத்தும் நிலையானது என்று நம்ப வேண்டாம். 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியாயிற்று. சில தினங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

கடல் கடந்து போனவர்களின் குடும்பத்தில் இந்தச் சிரமம் இன்னும் அதிகம். ரஜூலா கப்பலில் ஏறி மலாயாவுக்குப் போன தாத்தா, "போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கி, தெலுக் ஆன்சன் வந்து சேர்ந்தேன்" என்று கார்டு எழுதியிருப்பார். இன்றைய படத்தில் இரண்டு பெயருமே இல்லை. 1972-ல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கிள்ளான் துறைமுகம் ஆகி விட்டது. 1982-ல் தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆகி விட்டது. ரங்கூன் 1989-ல் யாங்கோன் ஆயிற்று. பேரப்பிள்ளைகள், "தாத்தா ஏதோ குழப்பமாக எழுதியிருக்கிறார்" என்று கார்டைப் பழைய பேப்பரோடு போட்டு விட்டால் தீர்ந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படி நோட்டு எழுதிக் கொண்டிருப்பார். இல்லாவிட்டால் நீங்களே ஆரம்பிக்கலாம். அனுபவத்தில் கற்றுக் கொண்டதைச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து எழுதுங்கள். தப்பு என்று தோன்றினாலும் எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றுவதைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெயரோடு நின்று விடாதீர்கள். கிராமம், தாலுகா, ஜில்லா, ராஜதானி அல்லது சமஸ்தானம் என்று உள்ளதெல்லாம் வேண்டும். பத்திரமானால் சர்வே எண்ணும், பதிவான ஸப் ரிஜிஸ்திரார் ஆபீஸின் பெயரும் வேண்டும். புதூர் என்று மட்டும் எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, அந்தக் காகிதத்தின் வருஷத்தைப் போடுங்கள். ஜில்லாப் பெயருக்கு வருஷம்தான் சாவி. 'காமராஜர் மாவட்டம்' என்று ஒரு பிறப்புச் சான்றில் இருந்தால், இன்றைய பையன் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது என்று சாதிப்பான். 1985-லிருந்து 1997 வரைக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு அதுதான் பெயர்.

கடைசியாக, இன்றைய பெயரைக் கூடவே எழுதுங்கள். இன்றைய பெயர் இல்லாவிட்டால் நாளைக்குப் பஸ் ஏறிப் போக முடியாது. ஆனால் பழையதை அடித்து விட்டு அதன் தலைமேல் எழுத வேண்டாம். பக்கத்தில் எழுதுங்கள்.

2020-ஆம் வருஷம் தை மாதம் மாமாவும் நானும் ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினோம். அந்தப் பக்கத்துப் புதூர்களை ஒவ்வொன்றாக விசாரித்துக் கொண்டு போனதில் மூன்றாவது புதூரில் ஒரு சின்னக் கோயில். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் நேர் எதிரே ஏலகிரி மலை. மாமா கொள்ளுத் தாத்தாவின் பெயரைச் சொன்னார். பூசாரி, வயதான ஒரு பங்காளியைக் கூட்டி வந்தார். அவர் கொஞ்ச நேரம் மாமாவின் முகத்தையே பார்த்தார்.

"தெற்கே போன வீடா? வருஷா வருஷம் தலைக்கட்டு வரிக்குப் பேர் படிக்கும்போது உங்கள் பேரையும் படிக்கிறோமே! பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து உங்களுக்காக ஒரு படி அரிசி நாங்களே போட்டுக் கொண்டு வருகிறோம்."

மாமா அங்கே இருந்த திண்ணையில் உட்கார்ந்து விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வருஷம் முந்தி வந்திருக்கலாம், மாப்பிள்ளை" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரயிலில் மதுரைக்குத் திரும்பும்போது மட்டும் தாமாகவே சொன்னார்:

"கடிதம் முன்னால் போவதற்கு இன்றைய விலாசம் வேண்டும். நாம் பின்னால் போவதற்கு அன்றைய விலாசம் வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் முன்னால் அனுப்பியே பழகி விட்டேன்."

இப்போது மாமா மூன்றாவதாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். ஊர் என்ற கட்டத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்திருக்கிறார்: அன்று, இன்று. அப்பத்தாவின் பக்கத்தை அவர் எனக்குக் காட்டினார்.

"பிறந்தது 1931. அன்று: சிவகாசி, ராமநாதபுரம் ஜில்லா, சென்னை ராஜதானி. இன்று: சிவகாசி, விருதுநகர் மாவட்டம், தமிழ்நாடு. குலதெய்வம், அன்று: புதூர், திருப்பத்தூர் தாலுகா, சேலம் ஜில்லா. இன்று: புதூர், திருப்பத்தூர் மாவட்டம்."

பின்கோடு போடவில்லை.